ஒற்றைச் சாட்சிகளின் ஊர்

ரக்பி உலகக் கோப்பைக்கு 'வெப் எல்லிஸ் கோப்பை' என்று பெயர். லண்டனின் கேரிங்டன் நிறுவனம் 1906இல் செய்த வெள்ளிக் கிண்ணம் அது. மேலே தங்க முலாம். 1987இல் முதல் உலகக் கோப்பைப் போட்டிக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். பெயருக்கு உரியவர் விளையாட்டு வீரராகப் புகழ்பெற்றவர் அல்லர், ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார். ரக்பி பள்ளியில் மாணவராக இருந்தபோது ஒருநாள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னோக்கி ஓடினார், அதிலிருந்து ஓர் ஆட்டமே பிறந்தது என்பது கதை. வில்லியம் வெப் எல்லிஸ் 1872இல் இறந்தார். இறந்த இடம் இங்கிலாந்து அல்ல. பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லையில் உள்ள மாந்தோன். ஆங்கிலேயர் அக்காலத்தில் மென்டோன் என்று எழுதிய கடற்கரை ஊர். அங்கே அவரைப் புதைத்த இடம் எது என்பதே 85 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

எனக்கு ரக்பியில் ஈடுபாடு இல்லை. காற்று மாற்றத்துக்காக நோயாளிகளை அனுப்பிவைத்த பழைய ஊர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது மாந்தோனில் இறந்தவர்கள் பட்டியலில் இந்தப் பெயர் வந்தது. எசெக்ஸ் மாவட்டத்தின் சின்னஞ்சிறு கிராமமான மாக்தலன் லேவரின் பாதிரியார், தன் சபையை விட்டுவிட்டு இங்கே வந்து சாக வேண்டிய அவசியம் என்ன? அந்தக் கேள்வியோடு ஆவணங்களுக்குள் போனவன், இரண்டு கதைகளுக்குள் போய் நின்றேன். ஒன்று ஆட்டத்தின் கதை, இன்னொன்று ஊரின் கதை. இரண்டுக்கும் ஆளுக்கொரு சாட்சிதான்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். 1806 நவம்பர் 24இல் பிறந்தவர். பிறந்த ஊர் சால்ஃபோர்டு என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ மான்செஸ்டர் என்று இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள் என்பதால் இதைப் பெரிய முரண்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தந்தை குதிரைப்படை அதிகாரி. ஸ்பெயினில் 1811இல் நடந்த அல்புவேரா போரில் இறந்தார். விதவையான தாய், பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு ரக்பி ஊருக்குக் குடிபெயர்ந்தார். காரணம் சிக்கனம். ரக்பி ஊரிலிருந்து 10 மைல் தூரத்துக்குள் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆக, பின்னாளில் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்று பெருமை பேசப்பட்ட ரக்பியின் மூலபுருஷர், சம்பளம் கட்டாமல் படித்த உள்ளூர்ப் பையன். 1816 முதல் 1825 வரை அங்கே படித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரி. 1827இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் லார்ட்ஸ் மைதானத்தில் மோதிய முதல் பல்கலைக்கழகக் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அணியில் இவர் இருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை விளையாட்டு தொடர்பாக அவர் பெயர் நிச்சயமாகப் பதிவானது இந்தக் கிரிக்கெட் ஆட்டத்தில்தான். அப்புறம் லண்டன் ஸ்ட்ராண்டில் புனித கிளமெண்ட் டேன்ஸ் ஆலயம், 1855 முதல் மாக்தலன் லேவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிரிமியப் போர்க்காலத்தில் அவர் செய்த பிரசங்கம் ஒன்றை ஒட்டி ஒரு லண்டன் படச்செய்தி வார இதழ் அவர் உருவத்தை அச்சிட்டது. அவருடையதென்று நமக்குத் தெரிந்த ஒரே உருவம் அது. பாதிரியாராகத்தான் பத்திரிகையில் வந்தார்.

பந்து எப்போது வந்தது? அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு.

1876 அக்டோபரில் ரக்பி பள்ளியின் 'மீட்டியர்' இதழுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மாத்யூ ஹோல்பெக் பிளாக்ஸம். சாதாரண ஆள் இல்லை. கோதிக் கட்டடக்கலையைக் கேள்வி-பதிலாக விளக்கிய அவருடைய நூல் இங்கிலாந்தில் பல பதிப்புகள் கண்டது. ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவருக்குத் தாய்மாமன். சட்டம் பயின்றவர், ரக்பி நீதிமன்றத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவர். உதைத்து ஆடிய ஆட்டம் கையில் எடுத்து ஓடும் ஆட்டமாக மாறியது எல்லிஸ் என்ற உள்ளூர்ப் பையனால் என்று தாம் கேள்விப்பட்டதாக அந்தக் கடிதத்தில் எழுதினார். யாரிடம் கேள்விப்பட்டார்? சொல்லவில்லை. 1880 டிசம்பரில் அதே இதழுக்கு இன்னொரு கடிதம். இந்த முறை கதைக்குக் கைகால் முளைத்திருக்கிறது. 1823ஆம் ஆண்டின் இரண்டாம் பாதி என்று காலம் வந்துவிட்டது. எல்லிஸ் பந்தைப் பிடித்தார், விதிப்படி பின்வாங்கி உதைக்க வேண்டியவர் எதிரணி எல்லையை நோக்கி ஓடினார் என்று காட்சியும் வந்துவிட்டது.

இதில் பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. பந்தைக் கையால் பிடிப்பது அன்றைய ரக்பி பள்ளி ஆட்டத்தில் குற்றமே இல்லை. பிடித்தவர் பின்னால் போய் உதைக்கலாம். எதிரணி அவர் பிடித்த இடத்தைத் தாண்டி வரக்கூடாது. முன்னோக்கி ஓடியதுதான் மீறல். கால்பந்தாட்டத்தின் நடுவே ஒருவன் திடீரென்று பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாக நாம் கற்பனை செய்யும் காட்சி பிளாக்ஸம் கடிதத்திலேயே கிடையாது.

இன்னொன்று: 1823இல் பிளாக்ஸம் பள்ளியில் இல்லை. அதற்கு முன்பே படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார். ஆகவே இது கண்ட சாட்சியம் அல்ல, கேட்ட சாட்சியம். அதிலும் சொன்னவர் பெயர் இல்லாத சாட்சியம். தன்னுடைய நீதிமன்றத்தில் யாராவது இப்படி ஒரு வாக்குமூலத்தோடு வந்திருந்தால் அந்த எழுத்தர் என்ன செய்திருப்பார்? இதை நாம் கர்ண பரம்பரைக் கதை என்போம். அதில் தவறில்லை, ஆனால் கர்ண பரம்பரைக்கு ஆண்டு போட்டுவிட்டால் அது வரலாறு மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

1895இல் பழைய மாணவர் சங்கம் இதை விசாரிக்க ஒரு குழு போட்டது. பிளாக்ஸம் 1888லேயே இறந்துவிட்டார். முதியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். எல்லிஸோடு படித்த பாதிரியார் ஒருவர் பதில் போட்டார்: எல்லிஸ் ஆட்டத்தில் முறைகேடாகச் சலுகை எடுத்துக்கொள்பவர் என்ற பேச்சு இருந்தது, ஆனால் அந்த ஓட்டத்தைத் தாம் பார்த்ததில்லை. 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' நாவலை எழுதிய தாமஸ் ஹ்யூஸும் எழுதினார். அவர் பள்ளியில் சேர்ந்தது 1834இல். தம்முடைய முதல் ஆண்டில் பந்தோடு ஓடுவதற்கு முழுத்தடை இல்லை; ஆனால் அப்படி ஓடிய ஒருவனை மற்றவர்கள் அடித்துக் கொன்றிருந்தாலும், நியாயமான கொலை என்றே அன்றைய மாணவர்கள் தீர்ப்பளித்திருப்பார்கள் என்று குறும்பாகச் சொன்னார். எல்லிஸ் 1823இல் வழி திறந்துவிட்டார் என்றால், 11 ஆண்டுகள் கழித்தும் அந்த வழியில் நடக்க ஆள் இல்லை என்றாகிறது. ஓட்டத்தை வழக்கமாக்கியவர் 1830களின் இறுதியில் வந்த ஜெம் மேக்கி என்ற மாணவர். எழுத்தில் விதிகள் வந்தது 1845இல். மேக்கி பெயரில் கோப்பை இல்லை.

ஒரு நேர்சாட்சிகூடக் கிடைக்காத குழு, 1897இல் வெளியிட்ட அறிக்கையில் எல்லிஸ்தான் செய்திருக்கக்கூடும் என்று முடித்தது. 1900இல் பள்ளிச் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். அதில் 'கூடும்' இல்லை. ஆண்டு 1823 என்று வெட்டப்பட்டிருக்கிறது.

ஏன் அத்தனை அவசரம்? 1895 ஆகஸ்டு 29இல் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து ரக்பி மன்றங்கள் கூடித் தனிச்சங்கம் கண்டன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த கூலியைத் தர வேண்டும் என்பது பிரச்சினை. அதே ஆண்டில்தான் விசாரணைக் குழு. ஆட்டம் எங்கள் பள்ளியில், எங்கள் பையனால், இந்தத் தேதியில் பிறந்தது என்று பத்திரம் எழுதிக்கொள்ளும் தேவை அப்போது இருந்தது என்று விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

குழு செய்யாத ஒன்று உண்டு. எல்லிஸ் எங்கே இறந்தார், அவருடைய காகிதங்கள் என்னவாயின என்று தேடி மாந்தோன் பக்கம் யாரையும் அனுப்பவில்லை.

இங்கிலாந்துக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இறந்தால் தேடத் தொடங்க நல்ல இடம் உயிலேற்பு அட்டவணை. 1858 முதல் ஆண்டுக்கு ஆண்டு அச்சான தடித்த தொகுதிகள். பெயர், வசித்த ஊர், இறந்த நாள், இறந்த இடம், சொத்து மதிப்பு என்று வரிசையாக இருக்கும். எல்லிஸ் விட்டுப்போனது 9,000 பவுண்டு. கட்டணமில்லாப் பள்ளிக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அங்கிருந்து பிரெஞ்சுப் பதிவேடு. பிரான்சில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் நகரமன்றத்தில் பதியப்பட வேண்டும். மதம், நாடு எதுவானாலும் சரி. பத்தாண்டுக்கு ஒரு பெயரட்டவணை போடுவார்கள். நமக்கு வேண்டியது 1863-1872. வெப் என்பது தாய்வழிப் பெயர் என்று தெரியாதவர்கள் அந்த எழுத்தில் தேடிவிட்டு ஏமாறலாம். மாந்தோன் நகரமன்றத்தின் திருமண மண்டபத்துக்கு ஓவியர் ஜான் கொக்தோ 1957-58இல் சுவரோவியம் தீட்டினார். சுற்றுலா வருபவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்; இறப்புப் பதிவேடு பார்க்க வேண்டும் என்று கேட்பவனை ஊழியர்கள் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

பிரெஞ்சு இறப்புப் பதிவில் ஒரு குறை: சாவின் காரணம் எழுதமாட்டார்கள். யார் வந்து தெரிவித்தார்கள், எந்த வீட்டில் இறந்தார் என்பதெல்லாம் இருக்கும், நோய் இருக்காது. ஆகவே மாந்தோனில் இறந்த வெளிநாட்டார் எல்லோரையும் காசநோயாளி ஆக்கிவிடும் வழக்கத்துக்கு நான் உடன்படமாட்டேன். எல்லிஸுக்கு வயது 65. ஆனால் அவர் இறந்தது குளிர்காலத்தில்; அந்த மாதங்களில் ஆங்கிலேயர் ஒருவர் அங்கே ஏன் இருப்பார் என்பதற்குப் பதில் உண்டு. அதற்கு அந்த ஊரின் கதைக்குப் போக வேண்டும்.

ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெற்கே இறங்கிக் கடலில் காலை நனைக்கும் இடம் மாந்தோன். ஊருக்குப் பின்னால் பிறை வடிவில் மலைகள்; கிராமோந்தோ 1,378 மீட்டர், அஜேல் 1,148 மீட்டர். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இந்த உயரம். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று இந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். தெற்கு முழுக்கத் திறந்து கடலும் வெயிலும். பகலில் சூடேறும் பாறை இரவில் சூட்டைத் திருப்பித் தரும். அதனால்தான் அத்தனை வடக்கே இருந்தும் அங்கே எலுமிச்சை காய்க்கிறது. சுற்றுலா வருவதற்கு முன் ஊரின் வரவு எலுமிச்சையும் ஒலிவமும்தான். மொனாக்கோவின் கிரிமால்தி மன்னர்கள் வரி மேல் வரி போட, ரொட்டி விற்பனையைக்கூட ஏகபோகமாக்க, 1848இல் மாந்தோனும் பக்கத்து ரோக்புரூனும் கலகம் செய்து தங்களைச் சுதந்திர நகரங்களாக அறிவித்தன. 1860இல் பிரான்சோடு சேர வாக்களித்தன. 1861இல் மொனாக்கோ மன்னர் மூன்றாம் சார்ல் 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டு உரிமையை விட்டுக்கொடுத்தார். குட்டி மொனாக்கோவின் நிலத்தில் பெரும்பங்கு அன்று போனது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே, 1859 இலையுதிர்காலத்தில், ஜேம்ஸ் ஹென்றி பென்னெட் என்ற லண்டன் மகப்பேறு மருத்துவர் அங்கே வந்து இறங்கினார். நுரையீரல் நோய். அமைதியான ஒரு மூலையில் போய்ச் செத்துப்போகலாம் என்று வந்ததாக அவரே பின்னால் எழுதினார். சாகவில்லை. குளிர்காலம் முடிந்தபோது தேறியிருந்தார். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் மாந்தோன். 1861இல் அந்த ஊரின் குளிர்காலத் தட்பவெப்பம் பற்றி நூல் எழுதினார். பதிப்புக்குப் பதிப்பு நூல் பருத்தது. 1875இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது மத்தியதரைக் கடற்கரை முழுவதையும் அளந்திருந்தது. நோயாளிகள் வந்தார்கள், அவர்களுக்குத் துணையாக உறவினர்கள், அவர்களுக்காக விடுதிகள், ஆங்கிலத் தேவாலயம், ஆங்கில மருந்துக்கடை. 1869இல் ரயிலும் வந்துவிட்டது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1873-74 குளிர்காலத்தை அங்கே கழித்தார். விக்டோரியா மகாராணி 1882 வசந்தத்தில் வந்து தங்கினார்.

பென்னெட்டின் வாதம் எப்படி நடக்கிறது என்று கவனித்தேன். ஊர் வெதுவெதுப்பானது என்பதற்கு அவரிடம் நல்ல சாட்சி இருந்தது: எலுமிச்சை மரம். பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி போனால் பட்டுப்போகும் மரம், தோப்புத் தோப்பாக நிற்கிறது என்றால் அங்கே கடும் உறைபனி வருவதில்லை என்று பொருள். யாருடைய வெப்பமானியையும் நம்ப வேண்டியதில்லை. இது சரியான தர்க்கம். ஆனால் அந்த வெதுவெதுப்பு நுரையீரல் நோயைக் குணமாக்குகிறது என்பதற்கு? முதன்மைச் சாட்சி அவரே. அவர் பிழைத்தார். தம்மிடம் வந்தவர்கள் பலர் தேறினார்கள் என்றும் எழுதினார். தேறாதவர்கள் குன்றின் மேல் இருக்கிறார்கள்.

அந்தக் குன்றுக்குப் போக, புனித மிக்கேல் பேராலயத்தின் கூழாங்கல் பதித்த முற்றத்தைக் கடந்து செங்குத்தாக ஏற வேண்டும். இடைக்காலக் கோட்டை இருந்த இடத்தை 19ஆம் நூற்றாண்டில் இடுகாடு ஆக்கிவிட்டார்கள். மலைவயல் போல அடுக்கடுக்காகத் தளங்கள். ரஷ்யர், ஆங்கிலேயர், ஜெர்மானியர், டேனிஷ்காரர். வயதைப் படித்துக்கொண்டே ஏறினால் இருபதுகளில் போனவர்கள் ஏராளம். ஓவியர் ஆப்ரே பியர்ட்ஸ்லி 1898இல் இதே ஊரில் காசநோயால் இறந்தபோது வயது 25. அவர் அடுத்திருக்கும் திராபுக்கே இடுகாட்டில் இருக்கிறார். விக்டோரியா வந்த அதே 1882 வசந்தத்தில், மார்ச் 24 அன்று, பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். நோய் தொற்றுவது என்று உறுதியான பிறகு, நோயாளிகளை நெருக்கியடித்துத் தங்கவைத்த கடற்கரை ஊர்களின் மவுசு குறைந்து, தாவோஸ் போன்ற மலை மருத்துவமனைகளுக்குக் கூட்டம் திரும்பியது. நல்ல காற்று பற்றிய நம்பிக்கை மட்டும் போகவில்லை. இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் திறந்தவெளிச் சிகிச்சை மனை நடத்திய சௌரி முத்து என்ற தமிழ் மருத்துவர், 1928இல் தாம்பரத்தில் தொடங்கியதுதான் இன்று ரயில் நிலையத்துக்கே பெயராகிவிட்ட சானடோரியம்.

அந்தக் கோட்டைக் குன்றின் இடுகாட்டில் எல்லிஸின் கல்லறையை 1950களின் இறுதியில் கண்டுபிடித்தவர் ராஸ் மெக்விர்ட்டர். இரட்டைச் சகோதரர் நாரிஸோடு சேர்ந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்தைத் தொகுத்தவர். பதிவைச் சரிபார்ப்பதே தொழில். இடையில் ஏன் மறைந்தது என்பதற்குப் பெரிய மர்மம் தேவையில்லை. 1872இல் புதைத்தவர்களுக்கு அவர் ஒரு பாதிரியார், அவ்வளவே. பந்துக் கதை அப்போது பிறக்கவில்லை. மனைவி மக்கள் இல்லை. 1940 ஜூனில் இத்தாலியப் படை வந்தபோது ஊரே காலிசெய்யப்பட்டது. 1943 வரை அவர்கள் பிடியில் இருந்தது. இப்போது பிரெஞ்சு ரக்பி கூட்டமைப்பு கல்லறையைச் செப்பனிட்டிருக்கிறது. ரசிகர்கள் பந்தும் மன்றக் கொடிகளும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

என் தீர்ப்பு இது. கல்லறை உண்மை, அதில் இருப்பவர் 1816 முதல் 1825 வரை ரக்பி பள்ளியில் படித்தவர் என்பதும் உண்மை. பந்தோடு ஓடியது நிரூபிக்கப்படாதது. அவர் ஓடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முறைகேடாக ஆடுவார் என்று ஒரு சகமாணவர் சொன்னது ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. ஆனால் ஓடியிருந்தாலும் அதிலிருந்து ஆட்டம் பிறக்கவில்லை. ஹ்யூஸின் கடிதம் ஒன்றே அதற்குப் போதும். பென்னெட்டைப் பொறுத்தவரை, தட்பவெப்பம் பற்றி எழுதியதில் முக்கால்வாசி நிற்கிறது, குணம் பற்றி எழுதியது நிற்கவில்லை. பென்னெட் சொன்னதை நம்பி அந்தக் காலத்தில் வந்த கூட்டத்தில் எல்லிஸும் ஒருவராக இருந்தால், ஒரு ஒற்றைச் சாட்சி அவரை அங்கே கொண்டுசேர்த்தது. அவர் மறுத்துப் பேச முடியாத நிலையில் இன்னொரு ஒற்றைச் சாட்சி அவருக்குப் புகழ் தந்தது.

மாந்தோனுக்குப் போகிறவர்கள் பந்து வைத்த கல்லறையோடு திரும்பிவிட வேண்டாம். மற்றத் தளங்களில் பெயர் தேய்ந்துகொண்டிருக்கும் கற்களைப் படம் எடுங்கள். பெயர், ஆண்டு, பிறந்த ஊர் மூன்றையும் எழுதிப் பொதுவில் போடுங்கள். கேட்பாரற்றுக் கைவிடப்பட்ட கல்லறை நிலத்தை நகரமன்றம் திரும்ப எடுத்துக்கொள்ளப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருகிறது. நிரந்தரம் என்று பணம் கட்டி வாங்கியதையும் சேர்த்து.